மயில் கதவுக்கு ஒட்டின ஃபிலிம்

அந்த ஓரத்தைக் கிள்ளாதீங்க. கிள்ளினா பசையில தூசி ஏறிக்கும், அப்புறம் அந்த இடம் ஒட்டாது. ரோலை இப்படிக் கொடுங்க. ஸ்டூல்ல உக்காருங்க. மழை விட்டாத்தான் நீங்களும் கிளம்ப முடியும், எனக்கும் இந்த மழையில வேற ஆள் வரப்போறதில்லை.

புது வீடுன்னீங்க. வேலை முடியற வரைக்கும் கீறல் விழாம இருக்க எல்லாத்து மேலயும் ஃபிலிம் ஒட்டணும், ஒரே ரோலாக் கொடுங்கன்னீங்க. ஈரோட்டுல வீடு கட்டற அத்தனை பேரும் இதையேதான் கேக்கறாங்க. ஒரே ரோல் போதாதான்னு. போதாதுங்க.

கையை அந்தச் செவுத்து மேல வைங்க. பூசாத செவுரு. உங்க கை எங்க படுது? மேடா இருக்கற இடத்துல மட்டும்தான் படுது. இப்ப இந்தக் கண்ணாடி மேல வைங்க. முழுக் கையும் படுதில்ல? ஃபிலிமும் அப்படித்தான். சொரசொரப்பா இருந்தா அது பிடிக்கறதுக்கு இடம் கம்மி, அதனால கெட்டிப் பசை வேணும். வழவழன்னு இருந்தா லேசான பசையே இழுத்துப் பிடிச்சுக்கும். மாத்தி ஒட்டினா ரெண்டுல ஒண்ணு. ஒண்ணு தானா கழண்டு விழும். இல்லைன்னா ஃபிலிம் வந்துடும், பசை அங்கயே நின்னுக்கும்.

உங்க சமையலறை அக்ரிலிக் கதவுக்கு இருக்கறதுலயே லேசானது. ஜன்னல் சட்டத்துக்கு நடுத்தரம், அதுவும் வெளிப்பக்கம் கறுப்பு வெள்ளை ஃபிலிம்தான், வெயிலுக்கு அது தாங்கும். மரக்கதவுக்கு வார்னிஷ் நல்லாக் காய்ஞ்சப்புறம்தான் ஒட்டணும். அவசரப்பட்டா ஃபிலிமோட வார்னிஷும் உரிஞ்சு வரும். எதை ஒட்டினாலும் நாளாக விடக்கூடாது. ஒட்டறதுல பாதி வேலை, காலத்துல உரிக்கறதுல பாதி வேலை.

இதெல்லாம் யார் சொல்லணும்? கடைக்காரன் சொல்லணும். மின்வாரியத்துல உத்தியோகம் பாக்கறவன் சொல்லலாமா? நீங்களே சொல்லுங்க.

நான் யாரைப் பத்தியும் குறை சொல்றவன் இல்லைங்க. கிரிதரன்னு எனக்கு ஒரு சகலை. என் சம்சாரம் சாந்தாமணிக்கு ஒரே தங்கச்சி, கோகிலா. அவ புருஷன். கோபிச்செட்டிபாளையத்துல மின்வாரியத்துல இன்ஜினியர். நல்ல பையன்தான். எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. அவ்வளவு பேர் சொல்லும்போது நாம என்ன சொல்றதுக்கு இருக்குது.

எங்க மாமனார் சாமியப்பன், மஞ்சள் மண்டி வெச்சிருந்தவரு. அவருக்கு ஆம்பளப் பிள்ளை இல்லை. விசேஷ வீட்டுல வாசல்ல சந்தனத்தட்டும் பன்னீர்ச் சொம்புமா நின்னு, வரவங்களை வாங்க வாங்கன்னு கூப்பிடறது யாரு? அந்த வீட்டு மகன். மகன் இல்லைன்னா மூத்த மாப்பிள்ளை. இதுல சந்தேகம் இருக்குதுங்களா? கோகிலா கல்யாணத்துல நான்தான் நின்னேன். அன்னைக்குக் கிரி மணவறையில உக்காந்திருந்தான், வாசலுக்கு வர வழியில்லை. அதுக்கப்புறம் எங்க மாமனாரோட அறுபதாம் கல்யாணம் வந்துச்சு. மண்டபத்துக்கு நான் கொஞ்சம் லேட்டாப் போனேன். போய்ப் பாத்தா தட்டு அவன் கையில இருக்குது. அன்னைக்கு நழுவினதுதான். அப்புறம் ஒரு காதுகுத்து, ஒரு சடங்கு, எல்லாத்துக்கும் அவனே. எனக்குப் பந்தி விசாரிக்கற வேலை.

இன்னொண்ணு பாருங்க. என்னை மாமா, "வாங்க மாப்ள, உக்காருங்க மாப்ள"ன்னுதான் சொல்லுவாரு. அவனைக் "கிரி, அந்தச் செம்பை எடு"ம்பாரு. சாந்தாமணி சொல்றா, "உங்களுக்கு மரியாதை கொடுக்கறாருங்க, அதுல என்ன குறை"ன்னு. மரியாதை எனக்கு எதுக்கு? செம்பை எடுன்னு என்கிட்ட ஒரு தடவை சொல்லக்கூடாதா?

சரி, கதவு விஷயத்துக்கு வரேன். மாமனார் புது வீடு கட்டினாரு, பவானி ரோட்டுல. வீட்டுல பதிக்கறது பூட்டறது அத்தனைக்கும் ஃபிலிம் என் செலவு, ஒட்டறதும் என் பொறுப்புன்னு நானே போய்ச் சொன்னேன். கிரி என்ன செஞ்சான்? பூஜை அறைக்குக் கதவு செஞ்சு கொண்டுவந்து வெச்சுட்டான். தங்கக் கலர் ஸ்டீல். மூஞ்சி பாக்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. நடுவுல ஒரு மயில், தோகையை விரிச்சுக்கிட்டு, ஒவ்வொரு இறகும் தனித்தனியா வெட்டி ஒட்டினது. சென்னையில சொல்லிச் செஞ்சானாம். வரவன் போறவன் எல்லாம் அதைத்தான் பாக்கறான். நான் வீடு முழுக்க ஒட்டியிருக்கேன், தரையில இருந்து ஜன்னல் வரைக்கும். ஒருத்தன் குனிஞ்சு பாத்து, ஏப்பா இது யார் ஒட்டினதுன்னு கேக்கலை. எங்க தொழில் அப்படிங்க. நாங்க ஒழுங்காச் செஞ்சா ஒண்ணுமே தெரியாது. உரிச்சுக் குப்பையில போட்டுட்டுப் போயிடுவாங்க.

அதனாலதான் என் ரோல்ல கடைப் பேரை அச்சடிச்சு வெச்சிருக்கேன். நல்லசிவம் டிரேடர்ஸ், என் பேருதான், நீல எழுத்துல, வரிசை வரிசையா. இது வியாபாரம், இதுல தப்பில்லை. ஆனா அச்சடிச்ச ரோல் கெட்டிப் பசையில மட்டும்தான் இருந்துச்சு. சொரசொரப்புக் கல்லுக்குன்னு போட்டது.

மயில் கதவுக்கு ஒட்டறதுக்கு நான் ரோலை எடுத்துக்கிட்டுப் போன அன்னைக்கு அவனும் அங்க நிக்கறான். ஃபோன்ல எதையோ பாத்துட்டு, "அண்ணா, இந்த மாதிரி கண்ணாடியாட்டம் இருக்கறதுக்கு லேசான பசைதானுங்களே போடணும்?" அப்படிங்கறான்.

அவன் சொன்னது சரிதான். நான் இல்லைங்கலை. ஆனா அவன் சொல்லக்கூடாதில்ல?

என் கையில லேசான ரோலும் இருந்துச்சு, பேர் போட்ட ரோலும் இருந்துச்சு. நான் யோசிச்சேன். சும்மா யோசிக்கலை, தொழில் முறையில யோசிச்சேன். கல்யாண வீடு மாதிரி ஆள் நடமாடற இடம். கொத்தனாரு, பெயிண்டரு, சின்னப் பசங்க. லேசானது ஒட்டினா யாராவது சுரண்டி எடுத்துடுவாங்க. பாதுகாப்புன்னு பாத்தாக் கெட்டியாத்தான் இருக்கணும். "உனக்குக் கரண்டு தெரியும், எனக்குப் பசை தெரியும் தம்பி"ன்னு சொல்லிட்டுப் பேர் போட்டதை ஒட்டினேன். ஒரு குமிழி இல்லை. ஒரு சுருக்கம் இல்லை. மயிலோட கொண்டையில இருந்து கால் வரைக்கும் நல்லசிவம் டிரேடர்ஸ். அவன் "நீங்க சொன்னாச் சரிங்கண்ணா"ன்னுட்டு எனக்குக் கத்திரிக்கோல் எடுத்துக் கொடுத்தான். அவன்கிட்ட இதுதான் எனக்குப் பிடிக்காதது. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டான்.

அது சித்திரை மாசம். வைகாசியில புண்ணியாதானம், அதான் கிரகப்பிரவேசம்னு நாள் குறிச்சாச்சு. நாள் நெருங்கும்போது மாமனாரோட பெரியப்பா மகன் ஒருத்தர் இறந்துட்டாரு. பங்காளித் தீட்டு. வைகாசி போச்சு. ஆனியிலயும் ஆடியிலயும் குடி போகமாட்டோம். ஆவணின்னு தள்ளி வெச்சாங்க. அந்த வருஷக் கத்திரி வெயில் உங்களுக்கு ஞாபகம் இருக்குமே, ரோட்டுல தார் இளகி ஓடுச்சு. பூஜை அறை வடகிழக்கு மூலையில, கதவு மேற்கப் பாத்து நிக்குது. எதுக்க ஹால் ஜன்னல், திரை கிடையாது. சாயங்காலம் ஆனா வெயில் நேரா வந்து மயில் மேல உக்காந்துக்கும்.

ஆனியில ஒருநாள் கிரி ஃபோன் பண்ணினான்.

"அண்ணா, கதவு மேல தினம் வெயில் அடிக்குதுங்க. ஃபிலிமை உரிச்சுட்டுப் பழைய போர்வை ஏதாவது போட்டு மூடி வெச்சிடலாங்களா?"

"ஏப்பா, உங்க டிரான்ஸ்ஃபார்மர்ல நான் என்னைக்காவது கை வெச்சிருக்கனா?"

"இல்லீங்கண்ணா, நான் சும்மா கேட்டேன்."

"அது விசேஷத்தன்னைக்கு நான் உரிக்கறதுக்காக ஒட்டினது. அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது. மாமாகிட்டயும் சொல்லிடு."

"சரிங்கண்ணா."

உரிச்சாக் கடைப் பேரு போயிடுமேன்னுதான் நான் அப்படிச் சொன்னேன்னு சாந்தாமணி சொல்றா. அவ அப்படித்தான் சொல்லுவா, அவ அந்த வீட்டுப் பொண்ணு. நான் நினைச்சது வேற. எல்லாரும் வந்து ஜமுக்காளத்துல உக்காந்திருக்கணும். ஐயர் ஹோமத்துக்கு உக்கார்றதுக்கு முன்னால நான் எழுந்திருச்சுப் போகணும். மேல் மூலையைப் பிடிச்சு ஒரே இழுப்பு. உள்ள இருந்து தங்கமாட்டம் மயில் வெளியே வரணும். அத்தனை கண்ணும் பாக்கணும். கதவு வாங்கினது யாரோ, அதைக் கீறல் படாமக் காப்பாத்தினது யாருன்னு சபைக்குத் தெரியணும். தெரிஞ்சா மாமா என்ன செய்வாரு? மாப்ள, நீங்க வாசலுக்கு வாங்கன்னு கூப்பிடுவாரு. வேற என்ன செய்வாரு? எனக்கு வாசல் போதும். அந்த ஒரு காலை நேரம் போதும்.

ஆவணியில விசேஷம் வந்துச்சு. முகூர்த்தம் நல்லா விடிஞ்சு, டிஃபன் நேரத்துக்கு மேலதான். நான் வெள்ளை வேட்டி சட்டையில காலையில வெள்ளெனவே போய் நிக்கறேன். தட்டு யாரு கையில? கேக்கணுமா. பட்டு வேட்டி கட்டிக்கிட்டு, மாமாவுக்குப் பக்கத்துல, தோளோட தோள். ரெண்டு பேரும் ஒரே மாதிரி கும்பிடறாங்க. பாக்கறவன் அப்பனும் மகனும்னுதான் நினைப்பான். என்னைப் பாத்ததும், "வாங்கண்ணா"ன்னு எனக்கே சந்தனம் நீட்டறான். என் மாமனார் வீட்டு வாசல்ல எனக்கு.

நான் வாங்கிப் பூசிக்கிட்டு உள்ள போயிட்டேன். முதல்ல மத்த இடம் எல்லாம் உரிச்சேன். கிரானைட் மேடை, ஜன்னல், சமையலறைக் கதவு. ஒரு பொட்டுப் பசை இல்லை. கறுப்பு வெள்ளை ஃபிலிம் அத்தனை வெயிலையும் தாங்கி, வாழைப்பழத் தோல் மாதிரி வந்துச்சு. அதை யாராவது பாத்தாங்களா? அந்நேரம் எல்லாரும் தோட்டத்துப் பக்கம் இட்லி சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க.

கூட்டம் வந்து உக்காந்துச்சு. மாமாவும் உள்ள வந்துட்டாரு. நான் போய்க் கதவு முன்னால நின்னேன். "மாப்ள, என்ன பண்ணப் போறீங்க?"ன்னாரு. "பாருங்க மாமா"ன்னேன். மூலையைப் பிடிச்சு இழுத்தேன்.

ஃபிலிம் ஒரு விரல்கடை அகலம் மட்டும் கையோட கிழிஞ்சு வந்துச்சு. மறுபடி பிடிச்சு இழுத்தேன், இன்னொரு விரல்கடை. வெயில்ல காய்ஞ்சு பொரிச்ச அப்பளம் மாதிரி ஆயிருந்துச்சு அந்த ஃபிலிம். நகத்தால சுரண்டிச் சுரண்டி எடுக்கறேன், பின்னால ஒரு சித்தி, "ஏனுங்க, இவரு கோழி உரிக்கறாரா?"ன்னு யாரையோ கேக்கறாங்க. நாலஞ்சு பேரு சிரிச்சாங்க. ஒருவழியா எல்லாத்தையும் எடுத்துட்டுத் தள்ளி நின்னு பாத்தேன். மயில் இருந்துச்சு. மேல பசை, பழுத்த பலாச்சுளை நிறத்துல, பிசுபிசுன்னு. அதுல எங்கெங்க நீல எழுத்து இருந்துச்சோ அங்கங்க பசை இன்னும் கெட்டியா நின்னுச்சு. அடர்ந்த நிறம் வெயிலை அதிகமா இழுக்கும், அதுதான் காரணம், வேற ஒண்ணுமில்லை. உரிச்ச கையோட ஹோமத்துக்கு இடம் கூட்டும்போது கிளம்பின தூசி வேற போய் அதுல உக்காந்துச்சு. இப்ப யார் வேணும்னாலும் படிக்கலாம். கொண்டையில நல்லசிவம். கழுத்துல டிரேடர்ஸ். தோகை முழுக்க நல்லசிவம் நல்லசிவம் நல்லசிவம்.

சிரிப்பு நின்னுபோச்சு. பூஜை அறைக் கதவு பாருங்க, சாமி சமாச்சாரம். மாமா முகம் கறுத்துப்போச்சு. "என்ன மாப்ள இது?"ன்னாரு.

அப்பத்தான் வாசல்ல இருந்து கிரி வந்தான். தட்டோட வந்தான். கதவைப் பாத்தான், என்னைப் பாத்தான். அப்புறம் மாமாகிட்டத் திரும்பி, "என்னாலதானுங்க மாமா. அண்ணன் ஆனியிலயே உரிச்சிடச் சொன்னாரு. வெயில் படுதுன்னு அப்பவே சொன்னாரு. நான்தான் ஆவணி வரைக்கும் இருக்கட்டும்னு விட்டுட்டேன்"னான்.

கேட்டீங்களா? பச்சைப் பொய். நான் எப்ப உரிக்கச் சொன்னேன்? பெத்த பொண்ணைக் கொடுத்த மாமனார், அவருகிட்ட, புண்ணியாதானத்தன்னைக்கு, ஹோமகுண்டத்துக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு ஒரு மனுஷன் பொய் சொல்றான். அதுவும் நல்லா வாய் கூசாம. எனக்கு அதிர்ச்சியாப் போச்சு. மறுத்திருக்கலாம்தான். ஆனா சபையில ஒருத்தர் பேசும்போது குறுக்க பேசற பழக்கம் எனக்கு இல்லைங்க.

மாமா அவனை ஒரு முறை முறைச்சாரு. "அறிவு வேண்டாமா கிரி? பெரியவங்க ஒண்ணு சொன்னாக் கேக்கறதில்லையா? தட்டை அவருகிட்டக் கொடு. இதை நீயே சுத்தம் பண்ணு." அப்புறம் என்னைப் பாத்து, "நீங்க வாங்க மாப்ள. வாசல்ல நில்லுங்க."

தட்டு என் கைக்கு வந்துடுச்சுங்க.

நான் போய் நின்னேன். எத்தனை வருஷத்துக்கப்புறம். கோலம், வாழைமரம், மைக் செட்டு, எல்லாம் இருந்துச்சு. மாமா என் பக்கத்துல நிப்பாருன்னு பாத்தேன். கொஞ்ச நேரம் நின்னாரு. அப்புறம், "உள்ள என்ன ஆச்சுன்னு பாத்துட்டு வரேன் மாப்ள"ன்னு போனவரு வரலை.

கொஞ்சத்துல கிரி வேகவேகமா வந்தான். கையெல்லாம் பிசுக்கு. "அண்ணா, துணியில துடைச்சா இழுத்துக்கிட்டுத்தான் போகுதுங்க. எதுல துடைச்சாப் போகும்?"

தேங்காண்ணெய். தடவி ஊறவிட்டு, பழைய வேட்டித் துணியில வழிச்சா வந்துடும். சொல்றதுக்கு எத்தனை நேரம் ஆகும்? ஆனா நான் தட்டோட நிக்கறேன், எதுக்க கார்ல இருந்து ஆளுங்க இறங்கறாங்க. வாசல்ல நிக்கறவனை அந்த நேரத்துல கூப்பிட்டு வேலை கேக்கலாமா? "வர்றவங்களைப் பாக்கறதா, உனக்குப் பதில் சொல்றதா?"ன்னேன். "மன்னிச்சுக்குங்கண்ணா"ன்னுட்டுப் போயிட்டான்.

அடுத்து வந்தது யாருங்கறீங்க? என் சம்சாரம். சமையல்காரர்கிட்ட வாங்கின தேங்காண்ணெய்க் கிண்ணத்தைக் கையில ஏந்திக்கிட்டு என்னைத் தாண்டி உள்ள போறா. அந்த எண்ணெய் வித்தை இந்தக் கடையில என்கூட உக்காந்து கத்துக்கிட்டது. என்னை ஒரு பார்வை பாத்தா.

அப்புறம் உள்ள இருந்து சத்தம் வர ஆரம்பிச்சுது. எட்டிப் பாத்தேன், வாசலை விட்டு நகராமத்தான். அத்தனை பொம்பளைங்களும் கதவைச் சுத்தி உக்காந்துட்டாங்க. ஆளுக்கொரு இறகு. "இந்த இறகு என்னுது", "ஏய், நீ எழுத்தை விட்டுட்டுத் துடைக்கறே", "இந்த நல்லசிவம் போகமாட்டேங்கறான்டி, நல்லா அழுத்தி விடு". கோழின்னு சொன்ன அந்தச் சித்திதான் இதையும் சொன்னது. ஒரே சிரிப்பு. கிரி நடுவுல உக்காந்து, சட்டைக் கையை மடிச்சுவிட்டுக்கிட்டு, கொண்டையைத் துடைக்கறான். மாமா நாற்காலி போட்டு உக்காந்து, "கிரி, அந்தக் காலுக்கு அடியில பாரு, கிரி, இங்க ஒரு பொட்டு இருக்குது பாரு"ங்கறாரு. கோபம் எங்க போச்சுன்னே தெரியலை. ஐயர் கூட எழுந்து வந்து ஒரு இறகு துடைச்சாரு. பாத்துக்கிட்டே இருக்கும்போது மயில் ஒவ்வொரு பக்கமா வெளியே வருது. எண்ணெய் பட்டு, வாங்கின அன்னைக்கு இருந்ததைவிடப் பளபளப்பா.

வந்தவங்க எல்லாம் என் தட்டுல சந்தனத்தைத் தொட்டுட்டு, உள்ள என்ன சத்தம்னு கேட்டுக்கிட்டே ஓடறாங்க. பேச நிக்கறதில்லை. ஒரு பெரியவர் மட்டும் நின்னாரு. கோபிப் பக்கம், மாமாவுக்குத் தெரிஞ்சவரு.

"நீங்க யாருங்க? கிரி தம்பிக்குச் சொந்தமா?"ன்னாரு.

"சகலை"ன்னேன்.

"ஓ. அப்படின்னா நீங்க கொடுத்து வெச்சவருங்க"ன்னுட்டு, பன்னீர் தெளிச்சுக்கிட்டு உள்ள போயிட்டாரு.

அதுக்கப்புறம் யாரும் வரலை. உள்ள மணி அடிக்குது, மந்திரம் கேக்குது, புகை வருது. நேரம் தாண்டி யாராவது வந்தா வாசல்ல ஆள் வேணுமில்லைங்களா? அதனால நின்னேன். என்னைக் கூப்பிட யாரும் மறக்கலை, சாந்தாமணி ரெண்டு தடவை வந்து கூப்பிட்டா. நான்தான் போகலை. தட்டைக் கீழ வெச்சுட்டுப் போனா அதை யாரு எடுத்துக்குவாங்கன்னு எனக்குத் தெரியாதா?

மழை விட்டுடுச்சு போல. இருங்க, உங்களுக்கு வேண்டியதைத் தனித்தனியா வெட்டித் தரேன். ஆனா ஒண்ணு மட்டும் கேக்கறேன், வெளி ஆளு நீங்க, நியாயமாச் சொல்லுவீங்க. அந்தக் கதவு விஷயத்துல அன்னைக்கோ, அதுக்கப்புறமோ, என்னை ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லலை. மாமா சொல்லலை. கோகிலா சொல்லலை. அந்தக் குடும்பத்துல இன்னைக்கும் யாராவது அந்தப் பேச்சை எடுத்தா, கிரி வெயில்ல விட்டு மயிலைக் கெடுத்த கதைன்னுதான் சொல்லிச் சிரிக்கறாங்க, அவனும் கூடச் சேர்ந்து சிரிக்கறான். ஒட்டினது நான். ஆவணி வரைக்கும் தொடக்கூடாதுன்னு நிறுத்தி வெச்சது நான். சபை நடுவுல உரிச்சது நான். மயில் மேல இருந்தது என் பேரு. அத்தனையும் என்னுதா இருக்கும்போது, அந்தத் தப்பைக்கூட எனக்குன்னு விடாம அவனே எடுத்துக்கிட்டானுங்க.